திறன்மிகு மாணாக்கரும் நமது கடமையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பலமனேருக்கு இருப்புப் பாதை கிடையாது. இரயில் வாராத ஊரில் குடியிருந்துகொண்டு இரயில்வே எழுத்தராகப் பணிபுரியும் நமக்குப் பாதி வாழ்நாள் பேருந்திலேயே கழிகிறது என நண்பர்கள் நகைப்பதுண்டு. அப்பேருந்தில் உடன்வரும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டு எழுந்த எண்ணங்களே இன்றைய உரை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு பணியிற் சேர்ந்த நாம் கல்வியியல் அறிஞர் அல்லோம். படிவங்களும் பதிவேடுகளுமே நாம் அறிந்த கலை. அக்கலையும் ஒரு பிள்ளையின் வாழ்வைத் திருப்பக்கூடும் என்பதே நாம் சொல்ல விழைவது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது முதுமொழி. யாருக்குத் தெரியும்? வயலுக்குச் சென்று குனிந்து பார்ப்பவனுக்குத்தான் தெரியும். வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவனுக்கு எல்லாம் ஒரே பச்சைதான். திறமையுள்ளவன் எப்படியும் முன்னேறிவிடுவான் என்று கூறுவோர் நம்மிடையே பலர். இக்கூற்று மெய்தானா என ஆராய வேண்டும்.

கணித மேதை இராமானுசனை எண்ணிப் பாருங்கள். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசு பெற்று, 1904-ஆம் ஆண்டு உதவித் தொகையுடன் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களிற் தவறியமையால் அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப்.ஏ. தேர்விற் தேறவில்லை. திறமை தானே முன்னேறும் என்பது உண்மையானால் அவர் இவ்வாறு அலைந்திருக்க வேண்டியதில்லை. அவரைக் காத்தவர்கள் அவருடைய குறிப்பேட்டைத் திறந்து பார்த்த சில மனிதர்கள். டெபுடி கலெக்டர் இராமசாமி ஐயர் பார்த்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்து ஆதரித்தார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே மேலாளராயிருந்த நாராயண ஐயர் அவருடைய கணக்குகளைத் தாமும் உடனமர்ந்து ஆராய்ந்தார். ஆறே ஆண்டுகளில், 1918-இல், அந்த எழுத்தர் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கன இரண்டு. முதலாவது, பன்னூறு ரூபாய் கொடுத்து எவரும் அவரை வாங்கிவிடவில்லை. உரிய வேளையில் கிடைத்த சிறு தொகையும், உரிய மனிதரிடம் கொண்டு சேர்த்த ஓர் அறிமுகமுமே பயன் தந்தன. இரண்டாவது, கணிதத்தில் நூறும் ஆங்கிலத்தில் முப்பதும் பெறும் பிள்ளையை நாம் மக்கு என்று தள்ளிவிடலாகாது. நூறுக்கு மேலும் தீனி தர வேண்டும். முப்பதை ஐம்பதாக்க அருகிருந்து துணை செய்யவும் வேண்டும்.

இனி நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வருவோம். ஆசிரியர் கொடுத்த கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறவனை நாம் குறும்பன் என்கிறோம். அவனுக்கு அதே வகைக் கணக்கில் இன்னும் பத்தைக் கொடுப்பது தண்டனையேயன்றி ஊக்கமாகாது. கூடுதல் கணக்கு வேண்டா. கடினமான கணக்கு ஒன்று போதும். மேல் வகுப்புப் புத்தகமும், நூலகத்தில் அரைமணி நேரமும், "ஏன்?" என்று கேட்டால் சினவாத ஆசிரியர் ஒருவரும் கிடைத்தால் அக்குறும்பு கல்வியாக மாறும்.

மொழியும் ஒரு திரையாய் நிற்கிறது. வீட்டிலே தமிழ், தெருவிலே தெலுங்கு, பாடத்திலே ஆங்கிலம் என்று மூன்று துறைகளைக் கடக்கும் பிள்ளை வகுப்பிலே வாய் திறவாதிருக்கலாம். வாய் திறவாமை அறிவின்மை அன்று. தாய்மார்களே, உங்கள் பிள்ளை வீட்டிலே கேட்கும் கேள்விகளை ஆசிரியரிடம் சென்று சொல்லுங்கள். அவர் அறியாததை நீங்கள் அறிவீர்கள்.

அரசின் உதவி இல்லையோ எனில், உண்டு. தேசிய வருவாய்வழித் தகுதி உதவித் தொகைத் திட்டம் 2008 முதல் நடந்து வருகிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு பயில்வோர், ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு பெற்றிருந்து, பெற்றோர் ஆண்டு வருவாய் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மிகாதிருப்பின் இத்தேர்வு எழுதலாம். தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நாடெங்கும் ஆண்டுதோறும் ஓர் இலட்சம் பேருக்கு இத்தொகை ஒதுக்கப்பட்டுள்ளது. 1963-இல் தில்லியில் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வோ 2021-க்குப் பின் நிறுத்தி வைக்கப்பட்டுவிட்டது. ஆகவே எஞ்சியுள்ள வாயில்களை நழுவ விடலாகாது.

அவ்வாயிலில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வினாத்தாளில் அன்று, படிவத்தில். வருவாய்ச் சான்று வேண்டும். வங்கிக் கணக்கு வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். பெயர்ச் சிக்கலோ தனிக் கதை. தெலுங்கர் தம் இல்லப் பெயரை முன்னே எழுதுவர். நாமோ தந்தையின் முதலெழுத்தை எழுதுவோம். பள்ளிப் பதிவேட்டில் ஒரு வகை, ஆதாரில் ஒரு வகை, வங்கியில் மற்றொரு வகை! வென்ற பிள்ளைக்கும் பணம் வந்து சேராமற் போக இது ஒன்றே போதும். நாட்கூலிக்குச் செல்லும் தந்தை இதனைத் திருத்த எத்தனை நாள் வேலையை இழப்பார்? நமக்கோ இது அன்றாடத் தொழில். முப்பது பத்திகள் உள்ள படிவத்தைக் கண்டு அஞ்சாதவர் இக்காலனியில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறோம்.

இங்கே ஒரு வினா எழும். "மூன்றரை இலட்சம் வரம்பு என்றால் நம்மிற் பலருடைய பிள்ளைகளுக்கு இது பொருந்தாதே! சங்கத்துப் பணமும் உழைப்பும் பிறர் பிள்ளைகளுக்கா?" என்று கேட்கலாம். நேர்மையான வினா. விடையும் நேராகவே சொல்ல வேண்டும். ஆம், பிறர் பிள்ளைகளுக்கும்தான். தமிழ்ப் பிள்ளைக்கும் தெலுங்குப் பிள்ளைக்கும்தான்.

ஏனெனில் இது பழைய கடன். இராமானுசனின் முதல் ஆய்வுக் கட்டுரையை 1911-இல் வெளியிட்டது இந்தியக் கணிதக் கழகத்தின் இதழ். அக்கழகத்தை இராமசாமி ஐயர் 1907-இல் தொடங்கியது எங்கே? இராயலசீமையின் குத்தியில். மாதப் பணம் வந்ததோ நெல்லூரிலிருந்து. மறுபுறம் நோக்குங்கள். திருத்தணியில் 1888-இல் எளிய தெலுங்குக் குடும்பத்தில் தோன்றிய இராதாகிருஷ்ணன் திருப்பதிப் பள்ளியில் பயின்று, வேலூரிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் உதவித் தொகைகளைக் கொண்டே கற்று, நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தார். இந்தப் பலமனேரும் 1911 வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்ததே. வரைபடத்தில் கோடுகள் மாறின. அறிவுக்கு ஈந்தவர்கள் கோடு பார்க்கவில்லை.

ஆதலின் சங்கத்தார் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண்ணுக்குக் கோப்பை வழங்குகிறோம், அது தொடரட்டும். அதனோடு, ஆண்டுதோறும் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களை நேரிற் கண்டு, ஏழாம் வகுப்பிலேயே கூர்மையான பிள்ளைகளின் பட்டியலைப் பெறுவோம். மதிப்பெண்ணை மட்டும் கேளாது, வகுப்பில் வியப்பூட்டும் பிள்ளை எது என்றும் கேட்போம். இரண்டாவது, படிவங்களை நிரப்பவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் நம்மில் இருவர் பொறுப்பேற்போம். மூன்றாவது, ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் இரண்டு மணி நேரம் பழைய வினாத்தாள்களைப் பயிற்றுவோம். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளே ஆசிரியராகட்டும், கற்பிப்பவரும் கற்பர். நான்காவது, தேர்வு நாளில் பேருந்துக் கட்டணம், மூக்குக் கண்ணாடி, வடிவியற் பெட்டி போன்ற சிறு தேவைகளுக்கென ஒரு சிறு நிதி வைப்போம்.

பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். பட்டியலில் பெயர் வந்த பெண்ணின் வீட்டுக்குச் சங்கத்துத் தாய்மார் இருவர் சென்று, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவதில்லை என்ற வாக்கைப் பெற்று வாருங்கள். அங்கே ஆடவர் பேச்சினும் உங்கள் பேச்சே எடுபடும்.

இவை அனைத்தும் சேர்ந்தும் ஒரு மேதையை உண்டாக்கா. மேதையை உண்டாக்க எவராலும் இயலாது. ஆனால் பிறந்த மேதை ஒரு முத்திரை இல்லாத சான்றிதழால் வீணாகாமற் காக்க நம்மால் இயலும். வரும் திங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடம் திறந்திருக்கும். பேனாவோடு வாருங்கள்.