பெயரை மூடிவிட்டுப் பாருங்கள்!



போலந்தில் 'லுக்சுசோவா' என்றொரு உருளைக்கிழங்கு ஓட்கா உண்டு. பெயருக்குப் பொருள் ஆடம்பரம், விலையோ மலிவு. மலிவு என்றதும் மட்டம்னு முடிவு கட்டிடாதீங்க.

சோதிக்கும் முறை இதுதான்: பாட்டிலின் பெயரை மறைக்கணும். ஐஸ் கூடாது, குளிர் குறையை மூடிவிடும். முதலில் முகரணும். ஸ்பிரிட் நெடி மூக்கைக் குத்தினால் மார்க் குறைவு. ஒரு மிடறு நாக்கில் புரட்டித் துப்பிடணும். வழவழப்பா இருந்தால் நல்ல கிழங்குச் சரக்கு. விலையைக் கடைசியில்தான் கேட்கணும்.

2005-ல் நியூயார்க் டைம்ஸ் குழு 21 ஓட்காக்களை இப்படிச் சுவைத்தபோது, முதலிடம் மலிவான ஸ்மிர்னாஃபுக்கே!

நேர்முகத் தேர்வு நடத்தும் மூத்தவர்களே, விண்ணப்பத்திலும் கல்லூரிப் பெயரை மூடிவிட்டு நம்ம பிள்ளைகளைப் பாருங்க.