இருண்ட திரையின் முன்



புனே நகரத்துக் கேம்ப் பகுதியில் மின்சாரம் நின்றவுடன் தெருவெங்கும் ஒரே குரல் எழும்: ‘லைட் கேலி!’ மராத்தியில் அதற்கு ‘விளக்குப் போயிற்று’ என்பதே பொருள். தமிழ்ச் செவிக்கோ, விளக்கு நம்மைக் கேலி செய்துவிட்டுப் போனதாகவே தோன்றும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து மாலையொன்றில், அக்கேலிக்கு நாங்கள் முழுவதுமாக ஆளானோம். ஈஸ்ட் தெருவை ஒட்டிய சந்தொன்றில் எங்கள் சிறு மன்றத்தின் அறை இருக்கிறது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்ற எண்பத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் அங்கு வந்தமர்ந்து, தம் பாட்டனார் பட்டாளத்தோடு வட ஆர்க்காட்டிலிருந்து வந்த கதையையும், அந்நாளில் கேம்ப்பில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களையும் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் கணினியில் தட்டெழுதிக்கொண்டிருந்தோம். நான்கு மணி நேரப் பேச்சு அது.

அப்போது மின்சாரம் நின்றது. யூ.பி.எஸ். கீச்சிட்டது. கணினிப் பெட்டியின் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. திரை மட்டும் இருண்டது. திரைக்குச் செல்லும் கம்பியை யூ.பி.எஸ்ஸில் செருகாமல் சுவரில் செருகியிருந்தோம். கண்ட்ரோல்-எஸ் என்னும் சேமிப்பு விசையை அழுத்திவிட்டோம். இனிக் கவலையில்லை என்று எண்ணிப் பெட்டியின் பொத்தானைப் பிடித்து அழுத்தி, விசிறியையும் நிறுத்தினோம். மின்சாரம் திரும்பியபின் பார்த்தால், கோப்பு இருந்தது, பெயர் இருந்தது, உள்ளே ஓர் எழுத்துமில்லை.

“அதனாலென்ன தம்பி, மறுபடி சொல்கிறேன்” என்றார் பெரியவர். அவ்வாண்டு மார்கழியில் அவர் காலமானார். எங்கள் நினைவிலிருந்து தேறியவை இரண்டு பக்கங்களே.

பிழை எங்கே நேர்ந்தது? சேமிக்கும் விசையை அழுத்திய கணமே எழுத்தெல்லாம் வட்டில் ஏறிவிடுவதில்லை. அவை முதலில் மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிலைக்கும் நினைவகத்தில் தங்கி, சில நொடிகள் கழித்தே வட்டுக்குப் போகலாம். 1993-இல் விண்டோஸ் என்.டி.யோடு வந்த என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறை, தன் மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போகும். ஆயினும் அது காப்பது பண்டகசாலையின் பேரேட்டைத்தான். உள்ளிருக்கும் சரக்கை அன்று. எங்கள் கோப்பின் பெயர் பிழைத்து, பொருள் அழிந்தது இதனாலேயே. கணினியை முறைப்படி மூடும்போதுதான் நினைவகத்தில் எஞ்சியவை யாவும் வட்டில் இறக்கப்படுகின்றன.

திரை இருண்டபின் முறைப்படி மூடுவது எப்படி? சுட்டியால் ஆவதொன்றுமில்லை, சுட்டும் இடம் கண்ணுக்குத் தெரியவேண்டுமன்றோ? விசைப்பலகைக்கு அந்தக் குறையில்லை. இன்றைய விண்டோஸ் கணினிகளில் வழி இது. முதலில் கண்ட்ரோல்-எஸ். பிறகு விண்டோஸ் விசையோடு எக்ஸ். இதனால் ஒரு பட்டியல் திறக்கும். ஒரு மூச்சு பொறுத்து யூ, மீண்டும் யூ. கணினி தன் கடமைகளை முடித்துக்கொண்டு தானே அணையும். இரண்டாம் யூவுக்குப் பதில் ஆர் என்றால் மறுதொடக்கம்; எஸ் என்றால் தூக்கம். சேமிக்காத ஆவணம் வேறேதேனும் திறந்திருந்தாலோ, மூடலாமா என்று கணினி கேட்டுக்கொண்டு நிற்கும். இருண்ட திரையில் அக்கேள்வியை யார் காண்பது? ஆகவே சேமிப்பே முதற்படி.

தமிழில் தட்டெழுதுவோர்க்கு இன்னொரு எச்சரிக்கை. அப்பட்டியலின் எழுத்துகள் ஆங்கிலத்தவை. ஆதலின் விண்டோஸ் விசையையும் இடைவெளிக் கட்டையையும் சேர்த்தழுத்தி, முதலில் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வதே பாதுகாப்பு.

பழைய வழியொன்றும் உண்டு. ஆல்ட்-எஃப்4 அழுத்தினால் முன்னிற்கும் சாளரம் மூடும். சாளரங்கள் யாவும் மூடிய வெறும் முகப்பில் அதையே அழுத்தினால், அணைக்கவா என்று கேட்கும் பெட்டி வரும். திரை தெரியும் வேளையில் இது நல்ல வழியே. கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் என்னும் மும்மை விசையை நம் மூத்தோர் பலரும் அறிவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர் டேவிட் பிராட்லி, 1981-இல் வெளிவந்த அந்நிறுவனத்துக் கணினிக்காக அதை அமைத்தார். கை தவறி அழுத்திவிடாதபடி விசைகள் எட்டியிருக்குமாறு தேர்ந்தெடுத்தார். அந்நாளில் அது கேள்வி கேளாமல் கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். இன்று அது ஒரு பட்டியலைக் காட்டுவதோடு நிற்கிறது. அன்றைய அச்சம் இன்று வேண்டியதில்லை.

அச்சம் வேண்டுவது பெட்டியின் பொத்தானிடத்தில்தான். பழைய கணினிகளில் அது மின்சாரத்தை நேரே அறுத்தது. 1995-இல் ஏ.டி.எக்ஸ். அமைப்பு வந்தபின், பொத்தான் வெறும் விண்ணப்பமாகிவிட்டது. ஒரு முறை தட்டினால் கணினி நமது அமைப்பின்படி முறையாகத் தூங்கும், அல்லது அணையும். நான்கு நொடிகளுக்கு மேல் பிடித்திருந்தாலோ, விண்ணப்பம் வெட்டுக்கத்தியாகும். அந்த மாலையில் நாங்கள் பிடித்திருந்தது கத்தியை.

புனேயில் வியாழக்கிழமை மின் பராமரிப்புக்குரிய நாள் என்பது பழக்கமாகிவிட்ட செய்தி. புதன் இரவே கணினியைத் தூங்கவிட்டுச் செல்வோர் ஒன்றை எண்ணவேண்டும். தூக்கத்தில் எல்லாம் நினைவகத்திலேயே இருக்கும். மின்சாரம் நின்றால் அதுவும் போகும். ‘ஹைபர்னேட்’ என்னும் உறக்கமோ அனைத்தையும் வட்டில் எழுதிவிட்டே அணையும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பல மேசைக் கணினிகளில் இது பட்டியலில் தெரியாது. கண்ட்ரோல் பேனலின் மின்சார அமைப்புக்குள் சென்று ஒரு குறியிட்டால் தோன்றும். தோன்றியபின் விண்டோஸ்-எக்ஸ், யூ, ஹெச் என்பது அதன் விசை வரிசை.

சாதாரணமான சிறு யூ.பி.எஸ். ஒரு மேசைக் கணினியைச் சில நிமிடங்களே தாங்கும். மின்கலம் பழையதாயின் அதுவும் ஐயமே. மேற்சொன்ன விசைகளுக்கோ அரை நிமிடம் போதும்.

எங்கள் அறையில் இப்போது திரையின் கம்பியும் யூ.பி.எஸ்ஸில்தான் செருகப்பட்டிருக்கிறது. மாதத்தில் ஒரு புதன்கிழமை மாலை, கடைசியாக எழுபவர் திரையை அணைத்துவிட்டு, விசைகளை மட்டும் கொண்டு கணினியை மூடவேண்டும் என்று வழக்கமாக்கியிருக்கிறோம். சென்ற முறை எழுபது வயது அம்மையார் ஒருவர் தவறின்றிச் செய்துவிட்டு, விசிறி நிற்கும் ஓசையைக் கேட்டுத் தலையசைத்தார். பெரியவரின் இரண்டு பக்கங்களில் இடம்பெற்ற குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. மற்றவற்றைப் பற்றி அவர் நினைவிலிருந்து இப்போது சொல்லி வருகிறார்.