முன்னாடி போர்டிகோவா, பின்னாடி சமையக்கட்டா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. கடன் வாங்கி என்ன செஞ்சீங்கன்னு பேசச் சொன்னாங்க. மாடு வாங்கினவங்க, தையல் மிஷின் வாங்கினவங்க எல்லாம் பேசிட்டாங்க. நான் வீட்டை இழுத்துக் கட்டினேன், அதைச் சொல்றேன்.

எங்க வீடு மாமனார் கட்டின ஓட்டு வீடு. ரெண்டு ரூம், முன்னாடி ஒரு திண்ணை. சமையல் பின்னாடி தகரக் கொட்டகையில. குளிக்கிறது நாலு குச்சி நட்டு சேலை கட்டின மறைப்புல. என் மக பெரியவளானதுக்கு அப்புறம் அந்த மறைப்புல குளிக்கவே மாட்டேன்னுட்டா. விடியிறதுக்கு முன்னாடி எந்திரிச்சு இருட்டுலயே குளிச்சுட்டு வருவா. அது என் மனசை அறுத்துக்கிட்டே இருந்துச்சு.

குழுவுக்கு வங்கிக் கடன் வந்தப்போ என் பங்குக்கு 1,00,000 ரூபாய் கேட்டேன். சீட்டு எடுத்த பணம் 30,000 கையில இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர், "முன்னாடி ரெண்டு தூண் வச்சு போர்டிகோ போட்டுருவோம், டைல்ஸ் ஒட்டி எலிவேஷன் எடுத்துருவோம்"னார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருந்தோம். வர்றவங்க தெருவுல நின்னு பார்க்கிறது முன்பக்கத்தைத்தானே? கொல்லையில சமையக்கட்டு எப்படி இருக்குன்னு யார் பார்க்கப் போறா? மாமியாரும் மகன் பக்கம். மேஸ்திரி ரெண்டுக்குமே ஏறக்குறைய ஒரே தொகைதான் சொன்னார். அதனால ஏதாவது ஒண்ணுதான்.

நான் வாய்ச்சண்டை போடலை. ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு டப்பா எடுத்து, ஒண்ணை வாசல்லயும் ஒண்ணைக் கொல்லைக் கதவுகிட்டயும் வச்சேன். வெளியாள் யாராவது வாசலுக்கு வந்தா ஒரு புளியங்கொட்டை. வீட்டு ஆள் யாராவது கொல்லைக்குப் போனா ஒரு புளியங்கொட்டை. ராத்திரி எண்ணினா வாசல்ல மூணு. அதுல ஒருத்தர் பால்காரர். கொல்லையில ஐம்பத்தி மூணு. அவர் பார்த்துச் சிரிச்சாரே ஒழிய ஒத்துக்கலை.

மறுநாள் மேஸ்திரி சொன்ன 12 அடிக்கு 8 அடி போர்டிகோவை வாசல்ல கோலமாவால கோடு போட்டுப் பார்த்தோம். தூண் வர்ற இடத்துல ரெண்டு குடத்தை வச்சேன். அவர் வண்டியை உள்ளே விட்டுத் திருப்பிப் பார்த்தார், திரும்பலை. திண்ணையை இடிச்சாத்தான் இடம் வரும்னு தெரிஞ்சுச்சு. அதுவரைக்கும் மகன் பக்கம் இருந்த மாமியார், "திண்ணையை இடிச்சுட்டு நான் எங்கடா உட்காருவேன்?"னு கேட்டாங்க பாருங்க, அதோட போர்டிகோ போச்சு.

பின்னாடி ஒண்ணரை சதுரத்துல சமையக்கட்டும் குளியலறையும் கட்டினோம். ஒரு சதுரம்னா 100 சதுர அடி. இதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க, கொத்தனார் கணக்கு பேசும்போது நாமளும் பேசலாம். ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். சித்திரையில அனல் அடிக்கத்தான் செய்யுது.

நானும் ரெண்டு தப்பு பண்ணினேன். தண்ணி எங்கே போகும்னு முதல்ல யோசிக்கலை. குளிச்ச தண்ணி சுவர் ஓரத்துலயே தேங்குச்சு. அப்புறம் தனியா உறிஞ்சிகுழி தோண்ட 4,500 ரூபாய் ஆச்சு. அடுத்தது, சமையல் மேடை வைக்கிற அன்னைக்கு நான் நூறு நாள் வேலைக்குப் போயிட்டேன். கொத்தனார் அவர் உயரத்துக்குக் கடப்பா கல்லைப் பதிச்சுட்டார். இப்போ பலகை போட்டு ஏறி நின்னுதான் குழம்பு கிண்டுறேன். மேடை வைக்கும்போது நீங்க பக்கத்துல நின்னு உங்க இடுப்புக்கு அளவு கொடுங்க. சமைக்கப் போறது நாமதான்.

கடன் 20 தவணை. மாசம் அசல் 5,000, நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, மீதி அசலுக்கு மட்டும். முதல் மாசம் 6,000 கட்டினேன், மாசத்துக்கு 50 குறையும், கடைசி மாசம் 5,050. வட்டி மட்டும் மொத்தம் 10,500. மகளை விட்டு நோட்டுல எழுதிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

வாசலுக்கு ஒண்ணுமே செய்யலைன்னு நினைக்காதீங்க. திண்ணையைப் பூசி ரெட் ஆக்சைடு போட்டு, முன்சுவருக்குப் பெயிண்ட் அடிச்சோம். முதல்ல பொண்ணு பார்க்க வந்தவங்க காபி குடிச்சுட்டுப் போனாங்க, பதிலே சொல்லலை. போர்டிகோ இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்னு எங்க வீட்டுக்காரர் இன்னிக்கும் சொல்லுவார். இருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்? நாத்தனார் ரெண்டு நாள் என்கூடப் பேசலை. அது எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. தை மாசம் வேற இடத்துல முடிஞ்சு, கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு.

என் மக இப்போ விடிஞ்சு, வெளிச்சம் வந்தப்புறம் கதவைச் சாத்திக்கிட்டுக் குளிக்கிறா. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு நான் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிறேன்.

வர்ற கூட்டத்துல 14வது தவணை, 5,350 ரூபாய் கட்டணும்.