கருப்புப் பூனையும் காசிமேடும்



காசிமேட்டுக்காரன் மைக்கைப் பிடித்தால் மீன் விலையைத்தான் பேசுவான் என்று நம்ம பசங்க அந்தக் காலத்திலேயே கிண்டல் செய்வார்கள். இன்று கருப்புப் பூனைப் படையைப் பற்றிப் பேசுகிறேன்.

1984-இல் தொடங்கிய தேசியப் பாதுகாப்புப் படை, 2008 நவம்பர் 26 இரவு மும்பை தாக்கப்பட்டபோது டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரில் இருந்தது. விமானமோ சண்டிகரிலிருந்து வரவேண்டும். வீரர்கள் போய்ச் சேர மறுநாள் காலையாகிவிட்டது. அதனால்தான் 2009-இல் சென்னை உட்பட நான்கு நகரங்களில் அந்தப் படைக்கு மையம் வைத்தார்கள். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பத்துப் பேர் ஏறி வந்தது 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகில். அதிலிருந்த ஐந்து மீனவர்களும் கரை சேருமுன்பே கொல்லப்பட்டார்கள். கொலாபாவில் இறங்கியவர்களை யார் நீங்கள் என்று முதலில் கேட்டதும் அங்கிருந்த மீனவர்கள்தான்.

இப்போது கடலுக்குப் போகிற எங்க பசங்களிடம் அடையாள அட்டை கேட்கிறார்கள். கேட்கட்டும். இன்ஜின் சத்தத்திலேயே வேற்றுப் படகைக் கண்டுபிடிப்பவன் அவன். இந்தக் கூட்டத்தில் காக்கி போட்ட நண்பர்களும் இருக்கிறீர்கள். எங்க தெருப் பையன் கடலோரக் காவல் எண் 1093-க்குப் போன் போட்டால், தயவுசெய்து அவன் யார், எவர் என்று குடைவதற்கு முன்னால், படகு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேளுங்கள்.