எண்ணெய் விலை இறங்கினால் யாருக்கு, ஏறினால் யாருக்கு?



கச்சா எண்ணெய் விலை ஏறுமா இறங்குமா, எண்ணெய்க் கம்பெனிப் பங்குகள் என்ன ஆகும் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நம்மிடம் பங்கா இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பங்கு இல்லை. ஆனால் பம்ப்செட்டுக்கு டீசல் வேண்டும். பஞ்சுப் பொதியும் அரிசி மூட்டையும் லாரியில்தான் வருகின்றன.

ஜோசியம் சொல்ல நான் வரவில்லை. 2008 மே மாதம் கோல்ட்மன் சாக்ஸ் என்ற பெரிய அமெரிக்க வங்கி, பீப்பாய் விலை 200 டாலர் வரை போகலாம் என்றது. ஜூலையில் 147 டாலரைத் தொட்டது. டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே கிடந்தது! பெரிய படிப்புப் படித்தவர்களின் ஜோசியமே இப்படி. நடந்த கணக்கைப் பார்ப்போம்.

2020இல் கொரோனாவால் வண்டிகள் நின்றன. ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில் பீப்பாய் விலை பூஜ்யத்துக்கும் கீழே 37 டாலர் போயிற்று. அதாவது, சரக்கையும் கொடுத்துப் பணத்தையும் கொடுத்தான் விற்றவன். மே மாதச் சரக்குக்கு ஒப்பந்தச் சீட்டு வைத்திருந்தவர்களில் பலர் எண்ணெயைக் கண்ணாலும் காணாதவர்கள். சீட்டைக் கைமாற்றி லாபம் பார்ப்பவர்கள். சரக்கை எடுக்க வேண்டிய குஷிங் என்ற ஊரிலோ தொட்டிகளில் இடமில்லை. சீட்டைத் தலைமுழுகக் காசு கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு எக்ஸான் மொபில் கம்பெனிக்கு 2,240 கோடி டாலர் நஷ்டம். உலகெங்கும் சுமார் 14,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்கத் தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்புக்குத் தான் போட்டுவந்த தொகையையும் நிறுத்தியது. பங்குதாரரின் டிவிடெண்டு? ஒரு காசு குறையவில்லை. (ஷெல்லும் பி.பி.யும் டிவிடெண்டைக் குறைத்தன. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பி.பி. 10,000 வேலைகளையும் வெட்டியது.)

விலை இறங்கிய பலன் நமக்காவது வந்ததா? அந்த மே மாதமே மத்திய அரசு லிட்டருக்குப் பெட்ரோலில் 10 ரூபாய், டீசலில் 13 ரூபாய் வரி கூட்டியது. பலன் பங்குக்கு வருமுன் கஜானாவுக்குப் போய்விட்டது.

2022இல் உக்ரைன் போர். மார்ச்சில் லண்டன் சந்தை விலை 139 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டு எக்ஸான் லாபம் 5,500 கோடி டாலருக்கு மேல். ஷெல்லுக்கு ஏறக்குறைய 4,000 கோடி. செவ்ரான் கம்பெனியோ 7,500 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதாக 2023 ஜனவரியில் அறிவித்தது.

இது என்ன வித்தை? ஒரு மில்லுக்கு நூறு பங்கு, லாபம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பங்குக்குப் பத்து ரூபாய். கம்பெனிப் பணத்தில் இருபது பங்கை வாங்கி ரத்து செய்துவிட்டால் மீதி எண்பது. அதே ஆயிரம் ரூபாய், இப்போது பங்குக்குப் பன்னிரண்டரை ரூபாய்! ஒரு சிட்டம் நூல்கூட அதிகம் நூற்கவில்லை. பங்கு விலை மட்டும் ஏறுகிறது. ஆகவே எண்ணெய்ப் பங்குக்கு நல்ல காலம் என்று பத்திரிகை எழுதினால், எண்ணெய் அதிகம் எடுத்தார்கள் என்று அர்த்தமில்லை. "செலவைக் கட்டுப்படுத்துகிறது" என்று கம்பெனியைப் பாராட்டினால், எந்தச் செலவு என்று கேளுங்கள்.

செவ்ரான் 2024இல் 1,700 கோடி டாலருக்கு மேல் லாபம் சம்பாதித்தது. 2025 பிப்ரவரியில் ஓர் அறிவிப்பு விட்டது: 2026 முடிவதற்குள் ஐந்து பேரில் ஒருவர் வரை வேலை போகும்.