கொட்டகையும் காற்றும்



தென்காசியில் பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயிலுக்குச் சென்றவர்கள், அதன் கோபுர வாயிற் காற்றை மறக்கமாட்டார்கள். அக்காற்று எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக் காற்றை மலைத்தொடர் தடுக்கிறது. ஆயினும் செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே மலை தாழ்ந்து வழிவிடுகிறது. கொல்லம் செல்லும் சாலையும் இருப்புப்பாதையும் அவ்வழியேதான் செல்கின்றன. குழாயின் வாயை விரலால் சிறிது மூடினால் நீர் விரைந்து பீறிடுமன்றோ? குறுகிய கணவாயில் காற்றும் அவ்வாறே விரைகிறது. குற்றாலத்திற்குச் சாரலைக் கொணர்வதும் அக்காற்றே. கூரைகளைப் பெயர்ப்பதும் அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்து இரவில், என் வீட்டு முற்றத்திலிருந்த கார் கொட்டகையின் தகரம் ஒன்று பறந்து தெருவில் வீழ்ந்தது. பகலில் சிறுவர்கள் பள்ளிக்குச் செல்லும் தெரு அது. நல்லவேளையாக அப்போது அங்கே எவரும் இல்லை. நான் செய்த பிழை யாது என்று அன்றுதான் ஆராயத் தொடங்கினேன்.

தகரத்தின் மேல் கற்களை ஏற்றி வைத்திருந்தேன். கணக்கைப் பாருங்கள். காற்று வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவில் வீசினால், அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோ எடைக்குச் சமம். அதில் பாதியே கூரையை மேலே இழுத்தாலும் 12 கிலோ ஆகிறது. தகரத்தின் எடையோ சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோதான்! விரைவு இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். நாலைந்து கற்கள் என் செய்யும்? அவையும் உருண்டு எவர் தலையிலேனும் வீழும்.

இரண்டாவது பிழை, கொட்டகையின் திறந்த வாயில் மேற்கு நோக்கி இருந்தது. உட்புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளியது. மேலே சென்ற காற்று அதை உறிஞ்சி இழுத்தது. இரண்டும் ஒன்று சேர்ந்தன.

மூன்றாவது, தூண்களுக்குச் சாய்வுக் கட்டு இல்லை. நான்கு குச்சிகளை முனைகளில் ஆணியிட்டுச் சதுரமாக்கி ஒரு பக்கமாகத் தள்ளுங்கள், அது சாய்சதுரமாகிவிடும். மூலைக்கு மூலை மற்றொரு குச்சியை வைத்து இணைத்தால் அசையாது. முக்கோணம், பக்கங்களின் நீளம் மாறாதவரை, தன் வடிவத்தை மாற்றுவதில்லை. நீங்கள் வடிவ கணிதத்தில் கற்ற உண்மைதான் இது.

பின்னர்க் கொட்டகையைத் திருத்தி அமைத்தேன். மேற்கே சுவர் எழுப்பி, வாயிலைக் கிழக்கே திருப்பினேன். தூண்களுக்கிடையே இரும்புக் கம்பிகளைப் பெருக்கல் குறிபோல் இழுத்துக் கட்டினேன். தகரத்தைச் சட்டத்துடன் ஆணிக்கு மாறாக மரையாணியால் பிணைத்தேன். இழுவிசை மிகுந்த ஓரங்களிலும் மூலைகளிலும் மரையாணிகளை நெருக்கமாக இட்டேன். சட்டத்தைத் தூணுடனும், தூணை ஆழமான கான்கிரீட் அடித்தளத்துடனும் இணைத்தேன். இவற்றுள் ஒரு பிணைப்பு தளர்ந்தாலும் ஏனையவை இருந்தும் பயனில்லை.

ஆனி பிறக்குமுன் உங்கள் வீட்டுக் கொட்டகையைக் கீழே நின்று உற்றுநோக்குங்கள். துருப்பிடித்த ஆணியோ, தூக்கி நிற்கும் தகர ஓரமோ தென்பட்டால் பெரியோரிடம் உடனே கூறுங்கள். அவ்வொரு சொல், தெருவில் செல்லும் ஒருவரின் உயிரைக் காக்கக்கூடும்.