வானத்தில் ஏறிய கூந்தல்



சிம்ம ராசிக்கும் சுவாதி நட்சத்திரத்திற்கும் நடுவே, தெளிந்த இரவில் மங்கலான ஒரு நட்சத்திரக் கூட்டம் தெரியும். அதற்குப் பெரெனிசியின் கூந்தல் என்று பெயர். அப்பெயர் வந்த கதையைச் சற்று கவனிப்போம்.

கி.மு. 246-ல் எகிப்து அரசன் மூன்றாம் தாலமி சிரியாவின் மீது படையெடுத்துப் போனான். அவன் உயிருடன் திரும்பினால் தன் கூந்தலைக் காணிக்கையாகக் கொடுப்பதாக ராணி பெரெனிசி வேண்டிக்கொண்டாள். அவன் திரும்பினான். அவளும் கத்தரித்துக் கோயிலில் வைத்தாள். மறுநாள் கூந்தலைக் காணோமாம்! கோயில் காவலரை விசாரித்தார்களா? அரண்மனை வான சாஸ்திரியாகிய கோனான், தேவர்கள் அதை வானத்தில் வைத்துவிட்டதாகச் சொல்லி இக்கூட்டத்தைக் காட்டினாராம். அவர் ஆர்க்கிமிடீசே மதித்த கணித நிபுணர். மூடன் சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பார்கள். படித்தவர் சொன்னதாகையால் 2200 ஆண்டுகளாக நிற்கின்றது.

உண்மையில் அந்நட்சத்திரங்கள் ராணி பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தவை. நமக்குச் சுமார் 280 ஒளியாண்டு தூரத்திலுள்ளவை. அதே திசையில், வெகு அப்பால், சுமார் 32 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அண்டங்கள் கூடியிருக்கின்றன. 1933-ல் ஸ்விக்கி என்னும் நிபுணர் அவற்றின் வேகத்தைக் கணக்கிட்டு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அவற்றைக் கட்டிவைக்கப் போதாது என்று கண்டார். கடவுள் பிடித்து வைத்திருக்கிறார் என்று அவரும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏதோ இருக்கவேண்டுமென்று கணக்கோடு எழுதி, பிறர் சோதிக்க விட்டார். அது இன்னதென்று இன்றும் தெரியாது, தேடிக்கொண்டேயிருக்கிறார்கள்.

தோழர்களே! தெரியாது என்று சொல்லித் தேடுவதில் யாதொரு இழிவுமில்லை. தெரியாததற்குத் தெய்வத்தின் பெயரை வைத்துத் தேடுவதை நிறுத்துவதே இழிவு என்று கூறி முடித்துக்கொள்ளுகிறோம்.